பார்க்காமல் விட்ட கட்டைவிரல்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் முதுகிலிருந்து கேட்கும் ‘டப்’ என்ற சத்தத்தை எனக்கு விழும் கைதட்டல் என்று நம்பி இருபது வருடம் தொழில் செய்தவன் நான்.

தொழில், கைரோபிராக்டர். முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பிப் பிடிப்பு எடுக்கிற வேலை. போர்டில் என்ன எழுதியிருந்தாலும் ஸ்ரீரங்கத்தில் எனக்கு ‘நெட்டி டாக்டர்’ என்றுதான் பெயர். பெருமாள் புறப்பாட்டில் பல்லக்குச் சுமக்கிற ஸ்ரீபாதம்தாங்கிகள் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். திருச்சியில் சர்வதேசப் பவர்லிஃப்டிங் போட்டி, வீரர்களைக் கவனிக்கத் தன்னார்வலர்கள் தேவை என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். பெருமாளையே தூக்குகிறவர்களைப் பார்த்தவன், இரும்பு தூக்குகிறவர்களைப் பார்க்க மாட்டேனா?

முந்தின வாரம்தான் தண்ணீர் கேனைத் தூக்கப் போய் என் இடுப்பு பிடித்திருந்தது. சட்டைக்குள் பெல்ட் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

“நிமிர முடியாதவர் ஊரை நிமித்தக் கிளம்பிட்டார்,” என்றாள் மனைவி.

உள்ளரங்கில் ‘மருத்துவக் குழு’ என்று முதுகில் எழுதிய டி-ஷர்ட் கொடுத்தார்கள். தூக்குகிறவர்கள் அளவுக்குத் தைத்தது. எனக்கு முழங்கால் வரை வந்தது. மேடைக்குப் பின்னால், வீரர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் இடத்தில், ஒரு மடக்குக் கட்டில் போட்டார்கள். முதலில் வந்தவர் எந்த நாடோ, கதவு மாதிரி இருந்தார். அவர் இடுப்பைத் திருப்பியதும் எழுந்த சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து, என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி இறக்கினார். அதோடு ஆரம்பித்தது. வலி இருக்கிறவர், இல்லாதவர் எல்லோரும் மேடை ஏறுமுன் ஒரு ‘டப்’ வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். சுற்றிலும் செல்போன்கள். என் தலை கிறுகிறுத்துப் போயிற்று.

அந்த வரிசையில்தான் அவர் வந்தார். காட்டூர்க்காரர், முப்பது தாண்டிய பெண், தனியார் பள்ளியில் தற்காலிக விளையாட்டு ஆசிரியை. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே கணவர்.

“இதுல மெடல் வாங்கினாதான் டாக்டர் கவர்மெண்ட் வேலைக்கு அப்ளிகேஷன் போட முடியும்,” என்றார் கணவர். “விளையாட்டுக் கோட்டா. வயசு இந்த வருஷத்தோட முடியுது. நல்லா நெட்டி எடுத்து விடுங்க.”

அந்தப் பெண்ணின் இடது காலில் மட்டும் ரப்பர் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால்.

“இன்னொண்ணைப் பெருமாளுக்குக் காணிக்கையா விட்டுட்டீங்களா?” என்றேன். வரிசை சிரித்தது. அவர் குனிந்து பார்த்தார்.

“அட! எங்க விட்டேன்னு தெரியலையே டாக்டர். ஸ்குவாட்ல மூணாவது தடவை உக்காந்து எந்திரிக்கறப்போ இடுப்புல சுரீர்னுச்சு. அப்பலேர்ந்து காலு வரைக்கும் இழுக்குது.”

செருப்பு கழன்றது காலுக்கே தெரியவில்லை என்றால் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, நம் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. கட்டைவிரல் எதிர்த்து நிற்கவில்லையென்றால் முதுகில் கையே வைக்கக் கூடாது. போட்டியிலிருந்து விலக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். முதல் வருடப் பாடம் இது. அந்த அரை நிமிடத்தில்தான் நான் செருப்பு ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருக்களித்துப் படுக்க வைத்துத் திருப்பினேன். அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய சத்தம். கைதட்டினார்கள்.

அவர் எழுந்து நின்றார். முகம் மலர்ந்தது. “வலியே இல்ல டாக்டர்! மரத்த மாதிரிதான் இருக்கு.”

“மரத்தா நல்லதுதான். போய்த் தூக்குங்க,” என்றேன்.

நரம்பு நசுங்க ஆரம்பிக்கும்போது கத்தும். முழுக்க நசுங்கினால் கத்தாது. எனக்கு அதுவும் தெரியும்.

கடைசிப் பிரிவு டெட்லிஃப்ட். தரையில் கிடக்கிற பாரத்தைப் பிடித்து நேராக நிமிர வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றாவதில் அவர் மேஜையில் எழுதிக் கொடுத்த எடையைப் பார்த்துக் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். பாரம் தரையை விட்டு எழும்பியது, முழங்காலில் ஒரு நொடி நின்றது, மேலே போனது. தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன. வெண்கலம். நான்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தினேன்.

இறங்கும் படியில் அவர் வலது கால் நுனி தடுக்கிக் குப்புற விழுந்தார். மேடையைத் தொட்டுக் கும்பிடுகிறார் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. அவர் எழவில்லை. ஓடிப்போய் அப்போதுதான் கட்டைவிரலைப் பார்த்தேன். “தூக்குங்கம்மா, தூக்குங்க,” என்றேன்.

“தூக்கிட்டுதானே டாக்டர் இருக்கேன்,” என்றார்.

விரல் அசையவே இல்லை.

அன்றைக்கே ஸ்கேன், மறுநாள் ஆபரேஷன். பாதத்துக்கு உயிர் திரும்பவில்லை. மெடலை வைத்து வேலைக்கு விண்ணப்பித்தாராம். உடல் தகுதித் தேர்வில் கொஞ்ச தூரம் ஓடச் சொல்லி, பாதியிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் மருத்துவக் குழுவில் இருந்த இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு நேரமில்லை. யாரோ எடுத்த அந்த ‘டப்’ வீடியோ ஊரெல்லாம் சுற்றியதில் என் வாசலில் கூட்டம் கூடியிருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு காட்டூர் பஸ் ஏறினேன். பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். இரண்டு இடத்தில் சிரிப்பு வருகிற மாதிரிகூட வைத்திருந்தேன். பாருங்கள், எனக்கு எங்கேயும் வாய் அடங்காது.

கணவர் கதவைத் திறந்தார். “வீடியோ டாக்டர் வந்திருக்காரு,” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. நானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது பாதம் தொங்காமலிருக்க, முழங்கால் வரை பிளாஸ்டிக் தாங்கி. காலண்டர் ஆணியிலேயே மெடலும் தொங்கியது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“அன்னைக்கு உங்க கட்டைவிரலைப் பார்த்திருக்கணும்மா. பார்க்கலை. போக வேண்டாம்னு சொல்லியிருக்கணும். எல்லாரும் கைதட்டினாங்க, நான் அதைக் கேட்டுட்டு நின்னேன்,” என்றேன்.

அவர் தாங்கியைக் கழற்றிக் கீழே வைத்தார். அது கழற்றுகிற நேரமாக இருக்கலாம். பாதம் துணி மாதிரி தொங்கியது.

“வாரத்துக்கு ரெண்டு நாள் நானே வந்து பயிற்சி கொடுக்கறேன். இன்னும் கொஞ்சம் பலம் திரும்ப வாய்ப்பு இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே, பழக்க தோஷம், குனிந்து அந்தக் கட்டைவிரல் பக்கம் கையை நீட்டினேன்.

“தொடாதீங்க,” என்று காலை இழுத்துக்கொண்டார்.