ஜூன் ஐந்தில் பிறந்தவர்கள்

பிரபாவதிக்குப் பச்சை நிறம் புடவையில் பிடிக்கும், கம்ப்யூட்டர் திரையில் பிடிக்காது. சிறுசேரியில் பத்தொன்பது வருடமாக மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. எல்லாமே பச்சையாக விழுந்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பது அவள் தீர்மானம். சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் கொடுத்துவிட்டு, இந்தம்மா ரொம்பச் சந்தேகப்படுகிறது என்று அலுவலகத்தில் குறைப்பட்டுக்கொள்வார்கள். கேளம்பாக்கத்தில் காய் வாங்கும்போதும் அவள் தராசைப் பார்ப்பதில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்ப்பாள்.

அவளுக்கே இரண்டு பிறந்த நாள். ஜாதகத்தில் கார்த்திகை, சர்டிபிகேட்டில் ஜூன். ஒரு தேதியை நம்பிக் கல்யாணம் நடந்தது, இன்னொன்றை நம்பி வேலை கிடைத்தது. இரண்டும் நன்றாகவே போவதில்தான் அவளுக்கு இன்னும் சந்தேகம்.

இந்த வருடம் வந்தது ஆஸ்பத்திரி வேலை. செங்கல்பட்டுப் பக்கத்தில் பதினான்கு கிளினிக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு மென்பொருள். நோயாளியின் விவரம் கேட்டு வாங்க, ஒன்று மற்றொன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், தன்னால் என்ன முடியும் என்று சொல்ல வேண்டும், சொன்னதைச் செய்கிறதா என்று சோதித்தும் ஆகவேண்டும். வரன் தேடுகிற காரியம்தான். வீட்டைக் கண்டுபிடிக்கவும் பையனைப் புகழவும் ஆள் கிடைக்கும். விசாரிக்கப் போவதற்குத்தான் பிரபாவதி.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அவள் கையெழுத்திட்டால், திங்களன்று பதினான்கு கிளினிக்கிலும் ஓடும். அதில் ஒன்று அவள் பிறந்த ஊரில், திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப்பக்கம் இருந்தது. வீட்டு மனுஷர்கள் ஜுரம் என்றால் ஓடுகிற இடம்.

வெள்ளிக்கிழமை காலை நானூற்றுப் பன்னிரண்டு சோதனையும் பச்சை.

"அப்புறம் என்ன மேடம்? சைன் பண்ணிடுங்க," என்றான் மேனேஜர் ஆதித்யா. அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

"சந்தேகமா இருக்கு."

"சந்தேகத்துக்கு ஃபார்ம்ல இடமே இல்லையே மேடம். தப்பு எங்கேன்னு காட்டுங்க."

அவள் சோதனைக்கு வைத்திருந்த நோயாளிகளின் பட்டியலைத் திறந்தாள். ஐந்நூறு பேர், எல்லாம் கற்பனை. வருடம் முழுக்கப் பரவலாகப் பிறந்திருந்தார்கள். ஜனவரியில் சிலர், ஆகஸ்டில் சிலர், டிசம்பரில் சிலர். அதுதான் உறுத்தியது. இப்படி ஒழுங்காகப் பிறந்த ஜனங்களை அவள் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

அவளே இரண்டு பேரைச் சேர்த்தாள். இருவருக்குமே பெயர் வசந்தா, இனிஷியல் கே, பெண், பிறந்தது ஜூன் ஐந்து. வருடமும் போன் நம்பரும் ஒன்றுதான். ஒருத்திக்குப் பென்சிலின் ஆகாது, மற்றவளுக்கு ஆகும். கிளினிக் ஒன்றிலிருந்து, ஆகாதவளின் விவரத்தைக் கேட்டாள். மென்பொருள் கொஞ்சமும் தயங்காமல் ஆகிறவளை எடுத்துக் கொடுத்தது. பச்சையும் காட்டியது.

அந்த மென்பொருளை எழுதிய தௌசிஃபைக் கூப்பிட்டாள். புதுப்பட்டினத்துப் பையன், கெட்டிக்காரன்.

"இன்னாக்கா, வேணும்னே மாட்டி வுடறீங்களா? பேரு, இனிஷியலு, தேதி, போனு நாலும் ஒண்ணா எவனாவது இருப்பானா?"

பிரபாவதி ஊரில் அண்ணன்கள் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்த வீட்டுக்கு ஒரே போன். பிரிட்ஜ் மேல் கிடக்கும். பெரிய அண்ணி எடுத்தாள்.

"இன்னா பிரபா, இந்நேரத்துல? ஒடம்பு நல்லாத்தானே கீது?"

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணி. உன் பிறந்த நாள் எப்போ?"

"எது? நெசமா, சர்டிபிகேட்டா?"

ஆதித்யா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சர்டிபிகேட்டு."

"ஜூன் அஞ்சு. எங்க எட்மாஸ்டரு மொத்த கிளாசுக்கும் அதையேதான் போட்டாரு. சின்ன வசந்தாவுக்கும் அதான்."

சின்ன வசந்தா பெரிய அண்ணியின் ஓரகத்தி. ஒரே ஊர், ஒரே வகுப்பு, ஒரே பெயர். பிரபாவதியின் அண்ணன்கள் இருவரையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். கருணாகரன் பெண்டாட்டி பெரிய வசந்தா, கோதண்டராமன் பெண்டாட்டி சின்ன வசந்தா.

"அண்ணி, கிளினிக்ல வூட்டுக்காரர் பேர் கேட்டா இன்னா சொல்லுவே?"

"அவர் பேரை என் வாயால சொல்லுவேனா? கேன்னு போட்டுக்கோம்பேன்."

"சின்ன அண்ணி?"

"அவ மட்டும் சொல்லிடுவாளா! ஏன்டி, ஊசி எதனா போடப் போறாங்களா? எனக்கு அந்தப் பென்சிலின் ஆவாதுன்னு சொல்லிடு. போன தபா மூஞ்சி வீங்கி அவரே என்னைப் பார்த்துப் பயந்துகினாரு. சின்னவளுக்கு எத்த போட்டாலும் தாங்கும்."

போன் அடங்கியபின் தௌசிஃப் சொன்னான்: "அக்கா, பெரிய, சின்னன்னு ஒரு கட்டம் வெச்சிடலாமா?"

"வேணாம். ரெண்டு பேர் வந்தா உன் மிஷின் யாரையும் எடுத்துக் குடுக்கக் கூடாது. ரெண்டு பேர் இருக்காங்க, ஆளைக் கேளுன்னு சொல்லணும்."

"மிஷினுக்கே தெரியலன்னு டாக்டருங்க சிரிப்பாங்கக்கா."

"சிரிக்கட்டும். ஊசி போடுறதுக்கு முன்னாடி சிரிச்சா போதும்."

ஆதித்யா கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு கிளினிக்காரர்களுக்குத் திங்கள் இல்லை என்று எழுத உட்கார்ந்தான். நாலு மணிக்குப் படிவத்தில் 'தேறவில்லை' என்று விழுந்தது.

புதன்கிழமை தௌசிஃப் திருத்திக்கொண்டு வந்தான். பிரபாவதி கே. வசந்தாவைக் கேட்டாள். 'இருவர் உள்ளனர், நோயாளியிடம் கேட்கவும்' என்றது திரை. பச்சை.

"இப்ப சந்தோஷமாக்கா?"

அவள் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அதே ஜூன் ஐந்தில், மூன்றாவதாக ஒரு கே. வசந்தாவைச் சேர்த்துவிட்டு மறுபடி கேட்டாள்.

'இருவர் உள்ளனர்' என்றது.

கையெழுத்துக்காகத் திறந்த பேனாவை மூடி வைத்தாள்.