நோர்வூட் பொட்டும் நானுஓயா பொட்டும்

நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்து அழகுமுத்து, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் பதினோரு வருஷம் ட்ரையர் பார்த்தவர். ட்ரையர் என்றால் அரைத்த கொழுந்தைக் காயவைக்கிற பெரிய சூட்டு மெஷின். அதன் நெற்றியில் வட்டமாக ஒரு சூட்டு மீட்டர் இருக்கும். அதன் முள் இறங்கினால் தேயிலை நாசம். அதனால் முள் இறங்குகிறபோதெல்லாம் அடுப்படிப் பக்கம் திரும்பி, "விறகு போடு!" என்று கத்த வேண்டும். பதினோரு வருஷமும் அழகுமுத்து கத்தினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் அவருக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது. சீமைக்குப் போன ஒரு துரை கைவிட்ட கறுப்புக் கார், உலகச் சண்டைக் காலத்துக்கு முந்தியது, எப்படியோ அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தது. மனுஷர் ஸ்டோர் வேலையை விட்டுவிட்டு வாடகைக்கு ஓட்டக் கிளம்பிவிட்டார். அவர் கிளம்பினால் போதுமா? மேட்டைக் கண்டாலே கார் கொதித்தது. டிக்கோயா தாண்டி அட்டனுக்கு ஏறுவதற்குள் மூன்று தடவை மூக்கிலிருந்து ஆவி விட்டது. ஆவி வந்த பிறகுதான் இவருக்கே விஷயம் தெரியும். லயத்து வீடுகளில் அதற்குத் தேநீர்க் 'கேத்தல்' என்று பெயர் வைத்து, வருகிறபோதெல்லாம் கோப்பையை நீட்டிக் காட்டினார்கள்.

அவர் மனைவி நாகலெட்சுமி கோப்பை நீட்டவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேச்சை ஒரேயடியாக முடித்தாள்.

"வார ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு என் தம்பிக்கு இறம்பொடையில கல்யாணம். பத்து மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளைய உங்க கார்லதான் கூட்டிட்டுப் போறோம்னு நீங்கதான் பெருமை அடிச்சீங்க. வழியில கொதிச்சு நின்னுச்சோ, திங்கக்கிழமை காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல போய் நின்னுருங்க. ஸ்டோர் டீமேக்கர் ஐயா இன்னும் உங்க எடத்துக்கு ஆள் போடல."

அழகுமுத்துவுக்கு அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது வருகிற சந்தோஷம் தன் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இதை அவர் நாகலெட்சுமியிடம் சொல்லவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

மறுநாளே அட்டனுக்குப் போய், பழைய இரும்புக் கடை முனாப் நானாவிடம் அழுதார். நானா ஒரு பெட்டியைக் கிளறி, உடைந்த லொறி ஒன்றில் கழற்றிய சூட்டு மீட்டரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். வட்ட முகம், கறுப்பு முள், தண்ணீர் கொதிக்கிற அளவான இருநூற்றுப் பன்னிரண்டு பாரன்ஹீட்டில் சிவப்புக் கோடு. பின்னாலிருந்து நீளமாக ஒரு செம்புக் கம்பி, அதன் நுனியில் விரல் தடிப்பில் ஒரு குமிழ். பார்த்ததும் அழகுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அச்சாக அவருடைய ட்ரையர் மீட்டரின் தம்பி!

"குமிழ் சுடுதண்ணியில இருக்கணும், முகம் உங்களுக்கு முன்னால இருக்கணும். முள்ளு சிவப்புக்கு வாரதுக்கு முந்தி நிப்பாட்டிருங்க," என்றார் நானா. "கவனம் தம்பி, அந்தக் கம்பிய வெட்டிராதீங்க. அது குழாய். உள்ளுக்கு ஆவி அடைச்சிருக்கு. வெட்டினா மௌத்துதான், மீட்டர் செத்துரும்."

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் வேலை தொடங்கியது. பூட்டுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டாமா? நாகலெட்சுமியின் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலின் மூக்குக்குள் குமிழை இறக்கினார். முள் ஏறியது, ஏறியது, இருநூற்று ஐந்தில் நின்றுவிட்டது. கேத்தல் மூடி துள்ளுகிறது, தண்ணீர் அடுப்பில் வழிகிறது, முள் மட்டும் சிவப்புக்கு வர மாட்டேன் என்கிறது.

"பொய் சொல்ற மீட்டரு! நானா ஏமாத்திட்டாரு!"

"மீட்டர ஏன் திட்டுறீங்க?" என்றாள் நாகலெட்சுமி. "கீழ நாவலப்பிட்டியில எங்க சித்தி வீட்டுல பருப்பு அரை மணியில வெந்துரும். அதே பருப்பு இங்க ஒரு மணியாகும். மேட்டுல தண்ணி சீக்கிரமே கொதிச்சுரும், சூடுதான் பத்தாது. சிவப்புக் கோடு போட்டவன் கீழ இருந்து போட்டிருப்பான்."

குங்குமத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து, முள் நின்ற இடத்தில் கண்ணாடிமேல் சின்னதாகப் பொட்டு வைத்தாள்.

பிறகு அழகுமுத்து ஓர் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, காரின் மர முன்பலகையில் வட்டமாகச் சுட்டுத் துளை போட்டு மீட்டர் முகத்தைப் பதித்தார். ரேடியேட்டருக்குப் போகும் மேல்குழாயை அறுத்து, நடுவில் மூன்று வாய் உள்ள இரும்புத் துண்டைச் செருகி, மூன்றாவது வாயில் குமிழை முறுக்கினார். செம்புக் கம்பி தகரத்தில் உரசாமல் இருக்க சைக்கிள் டியூப்பைச் சுற்றினார். எல்லாம் முடிந்து பார்த்தால் இரண்டு முழம் கம்பி மிச்சம் தொங்கியது.

"இவ்வளவு வாலு எதுக்கு?" என்று நாகலெட்சுமி தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு குனிந்தாள்.

"ஐயோ, வெட்டாத புள்ள! உள்ள உசிரு இருக்கு!" அழகுமுத்து பாய்ந்த பாய்ச்சலில் கத்தி ஒரு பக்கம், அவர் வேட்டி ஒரு பக்கம். வாசலில் கூடியிருந்தவர்களுக்கு அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது. வாலைச் சுருட்டி முன்பலகைக்குப் பின்னால் கட்டிவிட்டு, அவரும் சேர்ந்து சிரித்தார்.

கல்யாணத்தன்று விடியலில் கிளம்பினார்கள். பின்னால் மாப்பிள்ளை நல்லமுத்துவும் மூன்று உறவுக்காரர்களும், முன்னால் தாலியும் குங்குமச் செப்புமாக நாகலெட்சுமி. அட்டன் ஏற்றத்தில் முள் பொட்டை நெருங்கியது. அழகுமுத்து நிறுத்தினார், பொனட்டைத் திறந்து ஆறவிட்டார், ஒரு துளி ஆவி இல்லாமல் மறுபடி ஏறினார். தலவாக்கலையிலும் அப்படியே. அவருக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே வந்த பஸ்காரனுக்கெல்லாம் கை காட்டினார்.

நானுஓயா வளைவில் முள் பொட்டுக்கு மூன்று கோடு கீழேதான் இருந்தது. நாகலெட்சுமி திடீரென்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நிப்பாட்டுங்க! கேத்தல் சத்தம் கேக்குது."

"பொட்டுக்கு இன்னும் எடம் இருக்கு புள்ள."

"அது நோர்வூட்டுல வச்ச பொட்டுங்க! இன்னும் மேல, ராகலையில எங்க அக்கா வீட்டுல பருப்பு ஒன்னரை மணியானாலும் வேகாது. மேல போகப் போக இன்னும் சீக்கிரமா கொதிக்கும். நிப்பாட்டுங்கன்னா!"

நிறுத்தினார். பொனட்டைத் திறந்தால் ரேடியேட்டர் மூடிக்குள்ளே கொடகொடவென்று சத்தம். இன்னும் ஒரு வளைவு போயிருந்தால் மாப்பிள்ளை நடந்துதான் போயிருப்பார்.

"மச்சான், பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்," என்று நல்லமுத்து அழாத குறையாகச் சொன்னான்.

"பொறுடா," என்றாள் நாகலெட்சுமி. செப்பைத் திறந்து, முள் நின்ற இடத்தில் இரண்டாவது பொட்டு வைத்தாள்.

அங்கங்கே நின்று ஆறவிட்டு, அந்தப் பொட்டுக்கும் ஒரு விரல்கடை கீழேயே முள்ளை நிறுத்தி நுவரெலியாவைத் தாண்டினார்கள். உச்சியைக் கடந்து இறம்பொடைப் பக்கம் இறங்கும்போது பனிக்காற்று அடித்தது, முள் சரசரவென்று இறங்கியது. அதைக் கண்டதும் அழகுமுத்து தன்னை மறந்து பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "விறகு போடு!" என்று கத்தினார். மாப்பிள்ளை பதறி எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டான். நாகலெட்சுமி தாலியை மடியில் அமுக்கிக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். ஒன்பதரைக்கெல்லாம் பெண் வீட்டு வாசலில் கார் நின்றது. மேளக்காரர்கள் இன்னும் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஸ்டோர் சங்கு ஊதியது. கார் ஆவி விடவில்லைதான், ஆனாலும் பெரட்டுப் பேச்சை நாகலெட்சுமி இன்னும் வாபஸ் வாங்கவில்லை. டீமேக்கர் அனுப்பிய ஆள் வேறு வாசலில் வந்து நின்றான்.

"அழகுமுத்து அண்ணன் வேலைக்கு வாராரான்னு ஐயா கேட்டாரு."

அழகுமுத்து மனைவியைப் பார்த்தார். அவள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"வேற ஆள் போட்டுக்கச் சொல்லுங்க. அவரு டிரைவரு."

போகிற வழியில் காருக்குள் எட்டிப் பார்த்தாள். முந்தானையால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்தாள், இரண்டு பொட்டையும் தொடாமல்.

"நுவரெலியாவுக்கு இன்னும் பொட்டு வைக்கல. ஞாயித்துக்கிழமை நானும் வாரேன்."

அழகுமுத்து வாசலில் நின்று, மலை முழுக்கக் கேட்கும்படி, "விறகு போடு!" என்று கத்தினார்.