எங்கோ படித்த கதை

பத்து வயதில் எனக்கு வந்த பொறாமை சாதாரணப் பொறாமை இல்லை. மாமியின் மகளை நினைத்தாலே வயிறெரியும். அவளுக்கு வயது பதின்மூன்று. பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டோடு வைத்துவிட்டார்கள். மாத்தளைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் உக்குவளையில், முஸ்லிம் ஆட்கள் வீடுகளில் அன்று அதுதான் வழக்கம். நான் மழையில் நனைந்து, கணக்குக்கு அடி வாங்கி வீடு திரும்பும்போது, பக்கத்து வீட்டில் அவள் ரயில் பாதையைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பாள். கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

வாப்பாவின் தம்பியான சாச்சா, மாத்தளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார். நடத்தினார் என்றால், கொப்பித் தாளில் தன் கையாலேயே எழுதி, படம் வரைந்து, நூலால் தைப்பார். இருப்பது ஒரே பிரதி. அது எட்டு வீடுகளைச் சுற்றி வரும். கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டாரும் அபிப்பிராயம் எழுத வேண்டும். பெயர் போடக்கூடாது. பெயர் இல்லாவிட்டால் மனிதர்கள் உண்மை பேசுவார்கள் என்று சாச்சா நம்பினார். பாவம், நல்ல மனிதர். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

வானத்துக்கு ஆள் அனுப்புகிற செய்தி ரேடியோவில் அடிபட்ட காலம் அது. அடுத்த இதழுக்கு விஞ்ஞானக் கதை வேண்டும் என்றார் சாச்சா. பறக்கும் பாயில் ஏறிச் சந்திரனுக்குப் போகும் கதை ஒன்றை நான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பாய் பள்ளிக்கூட வாசிகசாலைப் புத்தகம் ஒன்றிலிருந்து நேராகப் பறந்து வந்தது. சாச்சா அரைப் பக்கம் வாசித்தார்.

“இது எங்கயோ படிச்ச கதையாட்டம் ஈக்கே புள்ள” என்று திருப்பித் தந்துவிட்டார்.

மாமியின் மகளுடைய கதையை முதல் பக்கத்தில் போட்டார். அதில், ஒரு பெண்ணைக் கண்ணாடி உருண்டைக்குள் வைத்து வானத்தில் விடுகிறார்கள். உருண்டை பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அவளுக்குக் கீழே எல்லாம் தெரிகிறது. சந்தை தெரிகிறது, ஆறு தெரிகிறது, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளைகள் தெரிகிறார்கள். கத்தினால் யாருக்கும் கேட்பதில்லை. சாப்பாடு மட்டும் வேளாவேளைக்குக் குறைவில்லாமல் வருகிறது. இவ்வளவுதான் முதல் பாதி. சாச்சா அதை எங்கள் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினார். உம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். என் கதைக்காக உம்மா எதையும் நிறுத்தியதில்லை.

பத்திரிகை போன முதல் வீட்டில், வாசிக்கத் தெரிந்த மகன் கொழும்புக்குப் போயிருந்தான். மற்றவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு, நல்லதாக ஏதாவது நீயே எழுதிக்கொள் என்று தந்துவிட்டார்கள். மதகில் உட்கார்ந்து, சாச்சா எனக்குச் சொன்னதையே இடது கையால் எழுதினேன். ‘இது எங்கோ படித்த கதை.’

அதன்பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வீட்டார் ‘எமக்கும் அவ்வாறே தோன்றுகிறது’ என்று எழுதினார்கள். நாலாம் வீட்டார் அது ஓர் ஆங்கிலப் புத்தகம் என்று கண்டுபிடித்தார்கள். ஏழாம் வீட்டாருக்கு அதன் அட்டை பச்சை நிறம் என்பதுகூட ஞாபகம் வந்துவிட்டது. அப்படி ஒன்றைப் படித்ததில்லை என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

சாச்சா நொந்துபோனார். மாமியின் மகளிடம் போய்க் கேட்டார். தானே எழுதியது என்று அவள் ஒரு தடவை சொன்னாள். அவரும் தலையை ஆட்டினார். ஆனால் அடுத்த இதழில் கதையின் மிகுதி வரவில்லை. அவளும் பிறகு எழுதவில்லை. எனக்குப் பெருநாள் வந்த மாதிரி இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஜன்னலடிக்கு என்னைக் கூப்பிட்டாள். அழப்போகிறாள் என்று ஆசையோடு போனேன். அவள் முகத்திலோ அப்படியொரு சந்தோஷம்.

“அப்ப என்னப் போலயே நெனச்ச ஒராள் எங்கயோ ஈக்கிறாங்க” என்றாள்.

அந்தப் புத்தகத்தை எப்படியாவது பார்த்துவிட வேண்டுமாம். வெளியே போய்வருகிறவள் நான்தானே, பள்ளிக்கூட வாசிகசாலையில் தேடிக் கொண்டுவர ஏலுமா என்று கெஞ்சினாள்.

அவள் சந்தோஷமாக இருந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. பச்சை அட்டைப் புத்தகம்தானே, நான் எப்போதோ வாசித்தாயிற்று, இப்போது அது வாசிகசாலையில் இல்லை என்றேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள், முதல் முறையாக என்னை ஒரு பெரிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“கடைசில அவ எறங்குறாளா?”

கண்டிக்குப் போகும் ரயில் கூவிக்கொண்டு வந்தது. அது போய் முடியும்வரை நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை. அவள் காத்திருப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

“இல்ல, எறங்கல்ல. சுத்திக்கிட்டேதான் ஈக்கிறா” என்றேன்.

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதையின் முடிவைத்தான் கேட்டாள் என்று நினைத்த நான், வீட்டுக்குப் போய், இரண்டு தடவை சோறு போட்டுத் தின்றேன்.