குன்சாலத்தின் பெண் செடி

மேகம் பகல் இரண்டு மணிக்கே வீட்டுக்குள் நுழைந்து பாயில் படுத்துக்கொள்ளும் உயரத்தில் இருந்தது குன்சாலத்தின் வீடு. துசுன் இனத்தார் வாழும் எங்கள் மலைக்கிராமத்தின் கடைசி வீடு. அதற்கு மேலே பாசியும் பாறையும்தான். அவன் முப்பது வருடம் மலையேற வந்தவர்களின் மூட்டைகளைச் சுமந்தவன். கல்யாணத்துக்கு நேரமில்லை என்பான். நேரம் இருந்தது, வாய்தான் இல்லை. பெண் கேட்கப் போன வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தவன் அவன்.

எதிர்ச்சரிவு முழுக்க ஒரு காலத்தில் குடுவைச் செடிகள், இலை நுனியில் மூடிபோட்ட குடுவை தொங்கவிட்டு, உள்ளே விழுவதைக் கரைத்துத் தின்பவை. என் மாமா ஒருவர் ஒரு குடுவையில் தொப்பியைத் தவறவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பொத்தான் மட்டும் கிடைத்தது. ஒரு மழையில் அந்தச் சரிவே பெயர்ந்து ஆற்றுக்குள் போய்விட்டது. அதற்கு முந்தைய வருடம் அங்கிருந்து பறந்து வந்த விதைகளைக் குன்சாலம் தன் கொல்லைப் பாசியில் தூவி வைத்திருந்தான். முளைத்துத் தங்கியது ஒன்றே ஒன்று.

வாடாமல் இருக்கட்டுமே என்று நான் ஒரு கூடை கோழி எரு கொண்டுபோனேன்.

"டீச்சர், அதை உங்க பூசணிக்குப் போடுங்க. கொழுத்த மண்ணு இவளுக்கு ஆகாது. வேர் கருகிடும்."

அவளுக்குத் துருப்பிடித்த மாதிரிச் சிவந்த கல்மண்ணும், மழைத் தண்ணீரும், பகலில் வெயிலும், பேசினால் வாயிலிருந்து புகை வரும் ராக்குளிரும் போதும். சாப்பாட்டுக்கு ஒரு மர மூஞ்சூறு. காலையில் வந்து மூடியில் ஊறும் இனிப்பை நக்கும். நக்கும்போது குடுவை வாய்மேல் உட்கார்ந்து, புழுக்கையை உள்ளேயே போட்டுவிடும்.

"மகாராணிக்கு இதான் விருந்தா?" என்றேன்.

"வர்றது அது ஒண்ணுதானே, டீச்சர். குடுக்கிறதை வாங்கிக்கிறா."

முளைத்த பதினாலாம் வருடம் அவள் பூத்தாள். பூவில் மஞ்சள் தூள் இல்லை, பெண் செடி. இந்தச் செடிகளில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் பூவின் தூள் வந்து ஒட்டாவிட்டால் விதை கிடையாது. குன்சாலத்துக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. அடுத்த விதை முளைத்துக் குடுவை பிடிப்பதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். அதை வாய்விட்டுச் சொன்ன நாளில் எனக்கே பயமாகிவிட்டது, அவ்வளவு நீளமாக அவன் பேசியதே இல்லை.

ஆண் பூ எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம், விதவை கோசிபின் வீட்டுப் பாறையில். சந்தையில் அவளே சொன்னாள். "கீழ்வரிசை விரிஞ்சு உதிர்ந்தாச்சு, மேல்வரிசைதான் மிச்சம். வேணும்னா சீக்கிரம் வரச் சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னதும், மறுநாள் காலையில் குன்சாலம் மூங்கில் குழாயும் பஞ்சுமாக ஓடையைத் தாண்டிப் போனான். கோசிபினின் வேலிக்கதவில் தழைக்கட்டு தொங்கியது. பச்சைத் தழையைக் கட்டிவிட்டால் வீட்டுக்குள் ஏதோ சடங்கு; வெளி ஆள் காலும் போகக்கூடாது, குரலும் போகக்கூடாது. மீறினால் அந்த வீட்டாருக்கு நோய் வரும். குன்சாலம் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டான். அடுத்த நாளும் போனான். தழை தொங்கியது. இப்படி நாலு நாள். நாலாம் நாள் தழை காய்ந்து சுருண்டிருந்தது. இன்னும் அவிழ்க்கவில்லையே, பெரிய சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஐந்தாம் நாள் மழை பிடித்தது. ஒரு வாரம் விடவில்லை.

மழை விட்டதும் நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவில் ஒன்றுமில்லை. கோசிபின் பன்றிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளா வேலிக்கு வெளிய நின்ன மனுசன் நீதானா? பன்னிக்குட்டி மேல கண்ணு வச்சிருக்கான்னு நினைச்சு எல்லாத்தையும் உள்ள அடைச்சேன்."

"தழை கட்டியிருந்துச்சு" என்றான் குன்சாலம்.

"அது பன்னி குட்டி போட்டப்போ கட்டினது. ஆள் நடமாட்டம் வேணாம்னு. அவிழ்க்க மறந்துட்டேன். காத்து வந்து பிச்சிட்டுப் போச்சு. உன்னை யாரு காய்ஞ்ச தழைக்கெல்லாம் பயப்படச் சொன்னது?"

"உங்களுக்கு நோய் வந்துட்டா?"

அவள் கையிலிருந்த தீனி வாளியைக் கீழே வைத்தாள். மூவரும் பாறைக்குப் போனோம். பூங்கொத்து வெறும் குச்சியாக நின்றது. குன்சாலம் பஞ்சால் அதை மேலிருந்து கீழே துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"அடுத்த வருசம் பூக்கும்" என்றாள் கோசிபின்.

"ரெண்டும் ஒரே நேரத்துல பூக்கணும்."

"பூக்கட்டும், பூக்காமப் போகட்டும். ஞாயித்துக்கிழமை சந்தை முடிஞ்சு உன் செடியைப் பார்க்க வர்றேன்."

குன்சாலம் ஞாயிறு விடிவதற்குள் ஓடையிலிருந்து வீடுவரை பாதையைச் செதுக்கிவிட்டான். மரவள்ளிக்கிழங்கு அவித்து, அரிசிக்கள் ஜாடியைத் திறந்து, இரண்டு கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். நான் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். இரண்டு மணிக்கு வழக்கம்போல மேகம் வந்து பாதையை மூடிவிட்டது. அன்று சந்தையில் கோசிபினுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ள, யாரோ வண்டியில் ஏற்றி மகள் ஊருக்கே கூட்டிப்போய்விட்டார்கள் என்பது எங்களுக்கு மறுவாரம்தான் தெரிந்தது.

"நீங்க சாப்பிடுங்க டீச்சர், ஆறிடும்" என்றான்.

நான் சாப்பிட்டேன். அவன் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், விதை பிடிக்காத பூத்தண்டை அடியோடு அறுத்தான். வீணாக நின்று செடியின் பலத்தைக் குடிக்குமாம்.