கைகட்டிப் படைக்கிற வீடு

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாகச் சொல்ல முடியாது. நடவு வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது, அறுப்பு வந்தாலும் கிடையாது. ஆனால் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், இந்தப் பக்கத்தில் முதல் அறுவடை எந்திரத்தை இறக்கினவன் யார் என்று. என்னைத்தான் காட்டுவார்கள். இன்றைக்கு நான்கு எந்திரம் ஓடுகிறது. ரைஸ் மில் இருக்கிறது. என் அப்பா பண்ணையாளாக நின்ற வயலில் பாதி என் பேரில் பட்டா. இதையெல்லாம் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். சொல்லாமல் இருக்க எனக்கு வராது. இந்தக் கதையே அப்படி வந்ததுதான்.

எங்கள் ஊருக்கு ஒரு கொலை உண்டு. வெள்ளைக்கார மகாராணி காலத்துக் கொலை. பண்ணை வீட்டு இளைய சம்சாரத்தை ஐப்பசி மழையில் காணவில்லை. விடிந்தபோது வாய்க்கால் மதகுப் பலகையில் மாட்டிக் கிடந்திருக்கிறாள். கழுத்தில் கைத்தடம். உடம்பில் நகை இல்லை. அவளை வெளியே கூட்டிப்போகிற வில்வண்டி ஓட்டினவனைப் பிடித்தார்கள், விசாரித்தார்கள், தூக்கில் போட்டார்கள். கயிற்றின் ஈரம் காய்வதற்குள் அதைச் சிந்துப் பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலடியிலும் பாடிப் பாடி விற்றார்களாம். அப்புறம் அது நாடகமாச்சு. வாரப் பத்திரிகையில் தொடர்கதையாச்சு. இப்போது போனில் வருகிறது. ஒரு பையன் மதகடியில் நின்றுகொண்டு குசுகுசுவென்று பேசுகிறான், பின்னால் கொலுசுச் சத்தம் போடுகிறார்கள். ஒருத்தர் அவளுக்குக் கள்ளக்காதல் என்பார், இன்னொருத்தர் வயிற்றில் பிள்ளை என்பார். எது மாறினாலும் ஒன்று மாறாது. கழுத்தைப் பிடித்தவன் வண்டிக்காரன்.

மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் அந்த நாடகம் உண்டு. கொஞ்ச காலமாக அது என் செலவு. மேடையில் கூப்பிட்டு மாலை போடுவார்கள். போட்டுக்கொள்வேன்.

வண்டிக்காரனின் வம்சத்தில் மிஞ்சியிருக்கிறவர் எனக்குச் சிநேகிதர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கு ஊரில் தூக்குமரத்தான் வீடு என்றுதான் பேர். கான்கிரீட் போட்டு மாடி எடுத்த பிறகும் அதே பேர்தான். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டு வரும்போது பின் சீட்டில் எவனாவது அந்தச் சிந்துப் பாட்டை முனகுவானாம். இவர் திரும்பிப் பார்க்காமல் விசில் ஊதுவாராம். காலையில் மில்லுக்கு வந்து எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார். எனக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் ஓடும்.

அன்றைக்கும் படித்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூரில் ஆராய்ச்சி படிக்கிற ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கியது. அந்தக் கொலையை ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விதமாக எப்படிச் சொன்னார்கள் என்று ஆராய்ச்சியாம். நாடகத்துக்குச் செலவு செய்கிறவர் என்று என்னைத் தேடி வந்திருக்கிறது.

“சென்னையில போயி கோர்ட்டுக் காகிதமெல்லாம் பாத்தேங்கய்யா. நகை கடைசி வரைக்கும் கெடைக்கல. பண்ணையாளுங்க ரெண்டு பேர் வந்து, வண்டிக்காரரை அங்க பாத்தோம்னு சாட்சி சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான் கேஸே. அந்த ரெண்டு பேர் யாருன்னு பேரு, ஊரு வெவரம் சரியா இல்ல.”

படித்த பிள்ளை இவ்வளவு அலைந்ததற்கு நாம் ஒன்று கொடுக்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. “நீ காகிதத்துலதானம்மா பாத்த? அந்த அம்மாவ நாங்க வீட்டுலயே வெச்சிருக்கோம்,” என்றேன்.

அது நிமிர்ந்தது. நான் சொல்லிக்கொண்டே போனேன். தை மாசத்தில் வீட்டுக்குள் படையல். மூங்கில் பெட்டியில் புதுப் புடவை, பூ, பலகாரம். போன வருஷத்துப் புடவையை வீட்டுப் பெண் எடுத்துக் கட்டிக்கொள்ளும். பங்காளிகள் மட்டும்தான், கதவைச் சாத்திவிடுவோம். “இந்த மாதிரி தெய்வம் எத்தன வீட்டுல இருக்கும்னு நெனைக்கிற?” என்று வேறு கேட்டேன்.

“பண்ணை வீட்டுக்காரங்க படைக்கிறாங்களாய்யா?”

“அவங்க எங்க? அப்பவே வித்துட்டு கும்பகோணம் போயிட்டாங்களே.”

“நீங்க அவங்களுக்குச் சொந்தமா?”

“நல்லா கேட்ட போ. அவங்க வாசல்ல எங்க ஆளுங்க செருப்பு போட்டு நடக்க முடியாது.”

பேனா நின்றது. அதற்கு முன்பே என் பக்கத்தில் பேப்பர் படிக்கிற குரலும் நின்றிருந்தது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆயுசு முடியாமல் செத்த பெண்ணை இரண்டு விதமான வீட்டில்தான் கும்பிடுவார்கள். அவள் பிறந்த, வாழ்ந்த வீடு ஒன்று. அவள் சாவுக்குக் காரணமான வீடு இன்னொன்று. மூன்றாவது வீடு கிடையாது. இது எனக்குத் தெரியாததில்லை. ஊரில் எத்தனையோ வீட்டுக்கு இந்தக் கணக்கை நானே போட்டுச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்கு மட்டும் போட்டுப் பார்த்ததில்லை.

“இத நான் எழுதலாங்களாய்யா?” என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டது. கண்டக்டர் பேப்பரை நாலாக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் காரை எடுத்துக்கொண்டு குடவாசலில் இருக்கிற என் அக்காவிடம் போனேன். எனக்கு மூத்தவள், அப்பா கடைசியில் அவளிடம்தான் இருந்தார். டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ரிமோட்டைத் தேடி எடுத்து அணைத்தாள்.

“வெளியில சொன்னியா?”

“சொல்லிட்டேன்.”

“ஒன்கிட்ட சொல்லாதன்னு அப்பா எத்தன தடவ சொல்லிச்சு தெரியுமா? அவன் பெருமை பேசிப் பேசியே எதையாச்சும் ஒளறி வெப்பான்னு.”

“என்னத்தக்கா சொல்லாதன்னு சொல்லிச்சு?”

“படைக்கிறப்ப நீ என்னடா பண்ணுவ?”

என்ன பண்ணுவேன். வீட்டுக்கு மூத்த ஆம்பளை வைக்கோலைத் திரித்த பிரியால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். ‘பொறுத்துக்க ஆத்தா’ என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கட்டை அவிழ்த்துக் கற்பூரம் காட்டுவது. எந்திரம் அறுத்த வைக்கோல் துண்டு துண்டாகப் போய்விடும், பிரி திரிக்க ஆகாது. அதனால் ஊரெல்லாம் என் எந்திரம் அறுக்கும்போது, என் வயல் மூலையில் ஒரு துண்டு மட்டும் அரிவாளால் அறுக்க விட்டுவைப்பேன். அதைக்கூட நாலு பேரிடம் காட்டி, பழசை மறக்காதவன் நான் என்று சொல்லியிருக்கிறேன்.

“வேற எந்த வீட்டுலடா கையக் கட்டிக்கிட்டுப் படைக்கிறாங்க?” என்றாள் அக்கா.

“நம்ம ஆளுங்கதான் கொன்னாங்களா?”

“கொன்னாங்களோ, பொய்ச்சாட்சி சொன்னாங்களோ, பண்ண சொல்லித் தூக்கிக்கிட்டுப் போயி தண்ணியில போட்டாங்களோ. அப்பாவுக்கே தெரியாது. மன்னிப்புக் கேக்கணும்ங்கிறது மட்டுந்தான் தெரியும். அதத்தான் கைக்குக் கை குடுத்துட்டு வந்திருக்காங்க.”

“அந்த வண்டிக்காரன்?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. “அவனுக்கு ஒரு எலை போடணும்னுகூட நம்ம ஆளுங்களுக்குத் தோணல,” என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் சரியாக இல்லை. மில்லில் சல்லடை ஆடுகிற சத்தம் இத்தனை வருஷம் எனக்குத் தாலாட்டு மாதிரி. இப்போது அது ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிற மாதிரி கேட்டது. ஆபீஸ் கதவைச் சாத்தினாலும் கேட்டது. மூங்கில் பெட்டி இருக்கிற அறையிலிருந்து எதையாவது எடுத்துவரச் சொல்லும் என் சம்சாரம். எனக்குக் கால் வரவில்லை. ஒருநாள் உச்சி வெயிலில் மதகுப் பக்கம் போனேன். அந்த நேரத்தில் அங்கே யாரும் போக மாட்டார்கள். கொலுசுச் சத்தமெல்லாம் இல்லை. இரும்பு ஷட்டருக்கு அடியில் தண்ணீர் கறுப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவள் முகம் எப்படியிருக்கும் என்று எந்தப் பாட்டிலும் இல்லை, அழகி என்று மட்டும்தான் இருக்கிறது. என்னை அறியாமல் என் வாய் ‘பொறுத்துக்க ஆத்தா’ என்றது. எத்தனை தலைமுறையாகச் சொல்கிறோம், ஒரு வருஷமாவது பொறுத்தேன் என்று அவள் சொன்னாளா என்று அப்போதுதான் தோன்றியது. முதுகுப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பாமலே கார் வரைக்கும் நடந்தேன். நான் எதற்கும் பயந்தவனில்லை என்று ஊருக்கே தெரியும்.

திருவிழாவுக்குக் காப்பு கட்டிய வாரம் கண்டக்டர் வந்தார். உட்காரவில்லை.

“எனக்கு ஒண்ணும் வேணாண்ணே. எம் பேத்திய ஸ்கூல்ல தூக்குமரம்னு கூப்புடறாங்களாம். போன்ல வர்றதப் பாத்துட்டு. ஏழு வயசுப் புள்ள, தாத்தா தூக்குமரம்னா என்னன்னு கேக்குது. என்னைச் சொன்னப்ப நான் விசில் ஊதிட்டுப் போயிட்டேன். அதுக்கிட்ட விசில் இல்ல.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாடகத்துல வண்டிக்காரன் கொல்ற எடத்த மட்டும் எடுக்கச் சொல்லுங்க. ஒங்க பேச்சக் கேப்பாங்க.”

“போன்ல வர்றத நான் எடுக்க முடியாதேய்யா.”

“ஊரு வாய் மாறினா போதும்ணே. நாங்க இருக்கிறது ஊர்லதான.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு யோசித்தது என்னவென்றால், என் பேரைத்தான். மண் சுமந்து, டிராக்டர் ஓட்டி, வங்கியில் கைநாட்டு வைத்து நான் கட்டின பேர். கல்யாணப் பத்திரிகையில் முதல் வரியில் போடுகிற பேர். வண்டிக்காரன் இல்லையென்றால் யார் என்று ஊர் கேட்கும். கேட்டால் என் வீட்டைத்தான் காட்டுவார்கள், படையலைப் பற்றி இதற்குள் பாதி ஊருக்குத் தெரிந்திருக்கும். சும்மா இருந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. செத்தவன் செத்துவிட்டான், அவன் கொல்லவில்லை என்பதற்கும் அத்தாட்சி கிடையாது. இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டே நாடக வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினேன். அவர் வந்து உட்காருகிற வரைக்கும் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

“வண்டிக்காரன் கொல்லக் கூடாது,” என்றேன்.

வாத்தியார் சிரித்தார். “முதலாளி, கொலைகாரன் இல்லாம கொலை நாடகம் எப்புடிங்க? யாராச்சும் ஒருத்தன் கழுத்தப் புடிக்கணும்ல?”

“புடிக்கட்டும். மூஞ்சியில துணி கட்டி வுடு.”

“வேஷம் என்ன போடறது?”

“கோவணம். தலையில முண்டாசு.”

“அப்ப பண்ணையாளுங்களா?”

“பண்ணையாள்தான்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “எந்த வீட்டு ஆளுன்னு ஜனங்க கேப்பாங்களே முதலாளி.”

“கேட்டா என்னைக் காட்டு.”

இப்போதெல்லாம் போலீஸ் பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லிவிடுவதால், விளக்கு வைக்கிற நேரத்துக்கே நாடகம் தொடங்கிவிட்டது. மாலை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். முன் வரிசையில் உட்கார்ந்தேன். கண்டக்டர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்; பக்கத்து நாற்காலியைக் காட்டினேன்.

கொலைக் காட்சி வந்தது. மேடையில் பச்சை விளக்கு. மதகுக்காக ஒரு பலகை. அந்த அம்மாவாக நடிக்கிற பையன் ஈரப் புடவையோடு நின்றான். எல்லோரும் வண்டிக்காரனை எதிர்பார்த்தார்கள். சீட்டியடிக்கத் தயாராக இருந்தார்கள். கோவணம் கட்டி, முகத்தில் கறுப்புத் துணியோடு ஒருத்தன் வந்தான். ஜனங்களுக்கு நடுவில் பொரி தின்கிற சத்தம்கூட நின்றுபோனது. அவன் கையை நீட்டினான். எனக்குப் பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. மேடையைப் பார்ப்பதற்குத் திரும்ப வேண்டியதில்லை. அவர்கள் திரும்பியது என் பக்கம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்டக்டரின் மடியில் இருந்த பிள்ளை கேட்டது: “தாத்தா, அது யாரு?”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். எத்தனையோ வருஷமாக அவர் வீட்டின் மேல் இருந்ததை இறக்கி என் மேல் வைக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். “தெரியலயேம்மா,” என்றார்.

“எங்க வீட்டு ஆளு பாப்பா,” என்றேன் நான்.

அந்தப் பிள்ளை என்னை உற்றுப் பார்த்தது. அப்புறம் என் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த காலை எடுத்து மடக்கிக்கொண்டு, தாத்தாவின் அந்தப் பக்கத்து மடிக்கு நகர்ந்து உட்கார்ந்தது.