பிரதமன் கேட்ட அத்தை

எனக்குப் பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னபோது மகள்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பேர் புதுசு, ஆள் பழசு. எங்கள் அத்தைக்கு வந்த நடுக்குவாதம்தான் அது. அத்தையோடு ஒரே பந்தியில் இருந்து உண்டவள் நான். என்னை அது என்ன பயமுறுத்திவிடப் போகிறது.

அத்தை என்றால் அப்பாவின் அக்காள். புருஷன் போனபிறகு வலியசாலையில் எங்களோடுதான் இருந்தாள். கை நடுங்கும், நடை இழுக்கும். அதெல்லாம் வீட்டில் பழகிப்போயிருந்தது. சாப்பாடுதான் பெரும்பாடு. சோறு தொண்டையில் நின்றுகொள்ளும். தண்ணீர் குடித்தால் புரையேறிக் கண் பிதுங்கும். வயிறு நாள்கணக்கில் இளகாது.

என் மூத்த அக்காளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவிலில் கொஞ்சம் பெரிய இடம். விருந்துக்கு இலை போடும்போது அம்மா அத்தையிடம் மெல்லச் சொன்னாள்.

“மயினி, ஒங்களுக்கு அடுக்களையில கஞ்சி எடுத்து வச்சிருக்கேன். அவ்வோ முன்னால பொரையேறிச்சுன்னா கொறச்சிலாக்கும்.”

“கஞ்சி குடிக்கவா பட்டுச்சேலை உடுத்திருக்கேன்? எனக்க தம்பி மவ கல்யாணம். மொதப் பந்தியிலதான் இருப்பேன். ஏட்டி, நீ வா.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், மாப்பிள்ளையின் சித்திக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அம்மா தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையைத் திருகினாள்.

சோற்றை அத்தை ஓரமாக ஒதுக்கினாள். ரசம் வந்தபோது இலைமேல் கையை விரித்தாள். மோருக்கும் அப்படியே. அடைப்பிரதமன் பாயசம் வந்தபோதுதான் கையை எடுத்தாள். எல்லாரும் செய்வதுபோலப் பழத்தையும் பப்படத்தையும் அதில் போட்டுப் பிசைந்தாள். களி மாதிரி ஆனது. தாடை நெஞ்சில் தொடும்படி குனிந்து ஒவ்வொரு வாயாக விழுங்கினாள். புரையேறவில்லை.

“இன்னும் ஊத்து,” என்றாள் விளம்புகிறவனிடம். அது தீர்ந்ததும் மறுபடியும் கேட்டாள்.

மற்றவர்கள் உண்டு முடித்திருந்தார்கள். ஒருத்தர் இலையில் இருக்கும்போது பந்தியில் இருந்து எழுந்திருப்பது எங்களில் வழக்கமில்லை. எச்சில் கை காயக் காத்திருந்தார்கள்.

சித்தி சிரித்தாள். “அம்மைக்கு இந்த வயசுலயும் திங்கதுல நல்ல கொதியாக்கும்.”

“பெறந்ததுலேருந்தே நான் கொதிச்சிதான் பிள்ளே. எங்க பொண்ணும் இப்பிடித்தான் திங்கும். சோத்துப்பானையப் பெருசா வாங்கி வச்சுக்கோ.”

பந்தி முழுக்கச் சிரித்தது. சித்தியும் சிரித்தாள். அத்தை அவசரப்படவில்லை. கடைசி வாயையும் வழித்து உண்டபிறகுதான் இலையை மடக்கினாள்.

அன்றைக்கு எனக்கு அவள்மேல் ஒரே கோபம். எனக்கு ஒரு கரண்டி, அவளுக்குக் கேட்கக் கேட்கவா? இப்படி ஒரு தின்னிப்பண்டாரம் நம் வீட்டில் இருக்கிறதே என்று நினைத்தேன். தீபாவளி தோறும் அவள் பங்கு முந்திரிக்கொத்து எனக்குத்தான் வரும். இனிப்பைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். அது எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை.