என் கொட்டகையில் கிடந்த அவர்கள் சரக்கு

சரக்கே இருப்பு வைக்காமல் தொழிற்சாலை நடத்தலாம் என்று இன்றைக்குப் படித்தவர்கள் பேசுகிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் சொல்கிறேன், கேளுங்கள். சரக்கு எங்கேயாவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கம்பெனிக்காரன் இடத்தில் அது இல்லையென்றால், என்னைப் போன்ற ஒருவன் கொட்டகையில் கிடக்கிறது.

கள்ளிக்குப்பத்தில் இரண்டு பிரஸ் மிஷின் போட்டு, ஆவடியில் இருந்த ஒரு லாரிக் கம்பெனிக்கு, லாரியில் பிரேக் குழாயைத் தாங்கும் தகட்டுப் பிராக்கெட் அடித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூரில் என்னோடு தொடங்கிய எத்தனையோ பேர் பட்டறையை மூடிவிட்டுப் போனார்கள். என்னால் ஒரு நாளும் அந்தக் கம்பெனியில் லாரி பூட்டும் லைன் நின்றதில்லை. எந்த ரயில்வே கேட் எப்போது மூடும், எந்தப் பள்ளத்தில் முதல் மழைக்கே தண்ணீர் நிற்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் கம்பெனிக்குப் புதிதாக ஒரு என்ஜினியர் வந்தார். "இனிமே எங்க ஸ்டோர்ல ஸ்டாக்கே வைக்க மாட்டோம். அன்னன்னைக்கு வேணுங்கறது காலையில எட்டு மணிக்கு வந்துடணும். ஒரு நாள் தவறினாலும் ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும்" என்றார்.

ஆயுத பூஜைக்கு ஆட்கள் ஊருக்குப் போவார்கள். பின்னாலேயே மழை வரும். அதற்கு முன்பே இரண்டு மாதச் சரக்கை அடித்து, கம்பெனி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை பிடித்து அடுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த யோசனை வேறு எவனுக்கும் வரவில்லை. தகடு வாங்கத்தான் காசில்லை. என் மனைவியின் தம்பி என்னோடு மிஷினில் நின்றான். பாரிவாக்கத்தில் பார்த்து வைத்திருந்த ஒரு மனையை வாங்க வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தான். பொங்கலுக்குள் தருகிறேன் என்று கேட்டேன். கொடுத்தான்.

பாதி அடித்திருந்தபோது ஒரு சேதி கொண்டுவந்தான்.

"மாமா, ஸ்டோர்ல கீறவன் சொல்றான், பிராக்கெட் டிராயிங் மாறப் போவுதாம். ஒரு வாரத்துக்கு மட்டும் அடிச்சிட்டு நிறுத்திக்கலாம்."

"சீட்டு கிழிக்கிறவன் பேச்சைக் கேட்டு மிஷினை நிறுத்தணுமா? மழையில திருமுல்லைவாயில் ரோட்டுல டெம்போ நீந்திகினா போவும்?"

"என்ஜினியரை ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

"கேட்டா இன்னா நினைப்பான்? இத்தினி வருஷம் சப்ளை பண்றவனுக்கு ஒண்ணும் தெரிலன்னு நினைப்பான். உன் மனை எங்கயும் ஓடாது. போய் தகட்டை எடு."

"மனை ஓடாது மாமா. வாங்கறதுக்கு வேற ஆளு ஓடியாருவான்" என்று சொல்லிவிட்டுத் தகட்டை எடுக்கப் போனான்.

மழை வந்தது. நான் சொன்னபடியே ரோடு முங்கியது. மற்றவர்கள் வண்டி நடுவழியில் நிற்க, என் சரக்கு மட்டும் பக்கத்துக் கொட்டகையிலிருந்து மீன்பாடி வண்டியில் எட்டு மணிக்கு உள்ளே போனது. பத்து நாள் ராஜா மாதிரி இருந்தேன். பதினோராம் நாள் என்ஜினியர் புது டிராயிங்கைக் கையில் கொடுத்தார். ஒரு ஓட்டை மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. பழையதில் புது ஓட்டை போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். கொட்டகை நிறையச் சரக்கு இருக்கிறதே என்றேன்.

"உங்களை யாருங்க பண்ணி வைக்கச் சொன்னது? ஸ்டாக் வேணாம்னுதானே சொல்றோம்" என்றார்.

அச்சை மாற்றி மூன்றே நாளில் புதியதை அடித்துக் கொடுத்தோம். சரக்கிருப்பைக் குறைத்ததற்காக அந்தக் கம்பெனி பரிசு வாங்கியது. என்ஜினியர் மாலையோடு நின்ற படத்தை வாசலில் மாட்டினார்கள்.

பழைய இரும்புக்காரர் வந்தார். துருப் பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்துக் கொடுத்தால்தான் எடை போடுவேன் என்றார். மச்சானும் நானும் உட்கார்ந்து பிரித்தோம்.

"அந்த மனையில வேற யாரோ வூடு கட்ட கடக்கால் போட்டுட்டாங்க மாமா" என்றான், தலை நிமிராமல்.

தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "நம்மால லைன் நிக்கல, பார்த்தியா" என்றுதான் சொன்னேன்.

பொங்கல் கழிந்ததும் வேறொரு பட்டறைக்குக் கூலிக்குப் போய்விட்டான். இன்றைக்கும் அவனுக்கு வாடகை வீடுதான்.